சிவப்புப் பொட்டு வைத்த இரண்டு பேட்டரிகள்

நிச்சயதார்த்தத்துக்கு நீ போட்டிருந்த வாடகைக் கோட்டைத் திருப்பிக் கொடுக்க இன்று காலை மேற்குத் தாம்பரத்துக்குக் கிளம்பினேன். கொடுப்பதற்கு முன் எல்லாப் பையிலும் கையை விட்டுப் பார்ப்பது என் பழக்கம். உள்பையில் இரண்டு பென்சில் பேட்டரிகள் இருந்தன. இரண்டின் இடுப்பிலும் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு பொட்டு. கோட்டை நாற்காலி மேல் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடைக்குப் போகவில்லை, பள்ளிக்கும் போகவில்லை. உனக்கு போன் செய்தேன். "மீட்டிங்ல இருக்கேன்ம்மா, அப்புறம் பேசறேன்" என்றாய். உன் அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் எழுதவும் இல்லை. வீட்டில் ஜெனி மாதிரி ஒரு பிள்ளையும், கல்யாணம் நிச்சயமான இன்னொரு பிள்ளையும் இருக்கிற எவரும் படிக்கலாம். உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும். கொஞ்ச நாளாக இந்த வீட்டில் வெட்கம் தவறான ஆள் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஜெனி உன் தங்கை. பத்தொன்பது வயது. அவளுக்குப் பேச்சு வரவில்லை, வரப்போவதும் இல்லை. காது நன்றாகக் கேட்கும், சொல்வதெல்லாம் புரியும், வாயிலிருந்து வார்த்தை மட்டும் வராது. அவள் கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பொம்மை இருக்கும். கைபேசி மாதிரி உள்ளங்கைக்குள் அடங்குவது, ஆறு பொத்தான்கள். அமுக்கினால் நாய் குலைக்கும், பசு கத்தும், வாத்து கத்தும், ரயில் கூவும், சேவல் கூவும், கடைசிப் பொத்தானில் ஒரு கூட்டமே கைதட்டும். மூன்று வயதுக் குழந்தைக்கு என்று அட்டையில் போட்டு விற்றது. தாம்பரம் பேருந்து நிலையத்து நடைபாதைக் குவியலிலிருந்து நீதான் பொறுக்கி எடுத்தாய். அப்போது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். பொம்மையாகத்தான் கொடுத்தோம். ஒரு வாரத்தில் அதைப் பேச்சாக மாற்றிக்கொண்டது அவள்தான். வாத்து என்றால் தண்ணீர். நாய் என்றால் வேண்டாம். கைதட்டல் என்றால் சரி, பிடித்திருக்கிறது, இன்னும் கொடு. பசு கத்துவது அம்மா என்று கேட்பதால் பசு நான். ரயில் நீ. நீ ஸ்டேஷனிலிருந்து வருகிறவன் என்பதால் ரயில். சேவல் யாருக்கும் இல்லை. அதை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. உன் அப்பா எத்தனை தடவை கேட்டிருப்பார். "பாப்பா, சேவல் நாந்தானே? காலங்காத்தால நாந்தான் எழுந்து வேன் எடுக்கறேன்." அவள் யோசிக்காமல் நாயை அமுக்குவாள். "எனக்குன்னு ஒரு ஹாரன் வெச்சானா பாரு, பொம்மை செஞ்சவன்" என்று புலம்பிக்கொண்டே அப்பா பள்ளி வேனை எடுப்பார்.

முதலில் சாதாரண பேட்டரிதான் போட்டோம். கடையில் மாலை மாதிரி தொங்குமே, அந்த மலிவு ரகம். நாள் முழுக்க அமுக்குகிற பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு? இரண்டாம் நாளே சத்தம் இழுக்க ஆரம்பிக்கும். வாத்து கிழவனாகிவிடும், பசு அழும், ரயில் மேட்டில் ஏற முடியாத லாரி மாதிரி முனகும். பார்க்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஜெனியும் சிரிப்பாள், எதற்கென்று தெரியாமல். உன் அப்பா தீர்ந்த கட்டைகளைப் பல்லால் கடித்து நசுக்கி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் வரிசையாக வைப்பார், வடகம் காயவைக்கிற மாதிரி. "காஞ்சா உள்ள இருக்கறது மேல ஏறிக்கும்" என்பார். உண்மையில் சாயங்காலம் நாலு தடவை வாத்து கத்தும். பிறகு மறுபடி கிழவன். ஒருநாள் அப்படிக் கடித்த கட்டை பொம்மைக்குள்ளேயே கசிந்து, ஸ்பிரிங் எல்லாம் வெள்ளைப் பொடி பூத்து, பொம்மை வாயடைத்துப் போனது. நீ பழைய பல் துலக்கும் பிரஷை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட வராமல் உட்கார்ந்து தேய்த்தாய். பொம்மை பேசியதும் முதலில் அவள் அமுக்கியது ரயில். அதை நான் மறக்கவில்லை. நீ மறந்திருப்பாய் போலிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி வந்தது. டியூஷன் எடுத்த காசில் நீயே வாங்கினாய். கடைக்காரர் உன்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். "இது பொம்மைல ஓடாதுப்பா, பவர் கம்மி. சாதா பேட்டரியே வாங்கிக்கினு போ." நீ பொம்மையைக் கடையிலேயே திறந்து, போட்டு, அமுக்கிக் காட்டினாய். ரயில் முழுத் தொண்டையில் கூவியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எங்கள் மூன்று பேருக்கும் நீ சட்டம் போட்டாய். இரண்டு ஜோடி இருக்கும். ஒரு ஜோடி பொம்மையில், ஒரு ஜோடி சார்ஜரில். ஜோடியைக் கலக்கக் கூடாது, ஒன்று தெம்பாகவும் ஒன்று சோர்வாகவும் இருந்தால் சோர்ந்தது கெட்டுப்போகும். சாதாரண பேட்டரியைச் சார்ஜரில் சொருகக் கூடாது, வெடிக்கும். வெயிலில் வைக்கக் கூடாது, இது காய்வதற்கான சாமான் இல்லை. கடைசிச் சட்டம் அப்பாவுக்காக. அப்படியும் ஒரு ஜோடியை மாடியில் காயப்போட்டு சாகடித்தார். அடையாளம் தெரிய வேண்டும் என்று ஜெனியின் நகப்பாலிஷை எடுத்து ஒரு ஜோடிக்குப் பொட்டு வைத்தாய். அவள் தன் விரலையும் நீட்டினாள். பேட்டரிக்கு இரண்டு பொட்டு, அவளுக்குப் பத்து. இன்னொரு ஜோடி பொட்டில்லாமல் இருந்தது. சபையில் யாராவது இந்த ஜோடிக் கதையைக் கேட்டால் கல்யாணத்துக்கு உவமையாக்கிப் பிரசங்கம் செய்துவிடுவார்கள். நான் செய்யப்போவதில்லை. பேட்டரி பேட்டரிதான். அது இல்லாவிட்டால் உன் தங்கைக்கு வாய் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

கீழ் வீட்டு ஓனர் அம்மாவோடு நடந்த சண்டை நினைவிருக்கிறதா? இந்தச் சேலையூரில் அவர்கள் குடும்பம் நெல் விளைத்த இடத்தில்தான் இப்போது நம்மைப் போல நாலு குடித்தனம் விளைகிறது. தனி மீட்டர் கிடையாது, அவர் சொல்வதுதான் யூனிட்டுக்கு விலை. சார்ஜரில் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு ஜன்னல் வழியாக அவர் கண்ணைக் குத்தியது.

"இன்னா டீச்சரம்மா, உன் புள்ள பகல் பூரா இன்னாத்தையோ சொருவி வெச்சிகினு கீறான்? மீட்டரு ஓடிக்கினே கீது."

"அது ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு அளவுகூட இழுக்காது ஆன்ட்டி" என்றாய்.

"ஆமா, இவுரு பெரிய ஈபி ஆபீசரு. வூட்டுக்காரி நானு சொல்றேன், ஓடுது."

அப்போது ஜெனி வாசலுக்கு வந்து அவரை நேராகப் பார்த்து நாயை அமுக்கினாள். நான் பதறிப்போனேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஓனர் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "பாத்தியா, என்னைப் பாத்து குலைக்குது. வாடகை குடுக்கறவங்கள்ல இது ஒண்ணுதான் மனசுல இருக்கறத சொல்லுது" என்று சிரித்துவிட்டார். சார்ஜர் பேச்சு அதோடு நின்றது. இப்போதும் படியேறும்போது அவரே "லொள்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார். ஜெனி கைதட்டலை அமுக்குவாள். ஊரில் ஜெனியோடு முறையாகப் பேசுகிற ஆட்களை எண்ணினால் அந்த அம்மாவையும் சேர்க்க வேண்டும். யூனிட் விலையை மட்டும் குறைக்கவில்லை.

குக்கர் அடித்தது, போய் அணைத்துவிட்டு வந்தேன். ஜெனி நடையில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கையில் பொம்மை.

எனக்கு இன்று உட்கார முடியவில்லை. எல்லார் மேலும் கோபம் வருகிறது. நான் வேலை செய்கிற பள்ளியிலேயே அவளைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். "மற்ற பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க மிஸ், நீங்களே யோசிங்க" என்று என்னையே யோசிக்கச் சொன்னார்கள். அடையாறில் ஒரு தெரபி மேடம் வெளிநாட்டுக் கருவி ஒன்றைக் காட்டினார், தொட்டால் வாக்கியமாகப் பேசும் என்று. விலையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார். போனில் ஏதோ ஆப் போட்டுக் கொடுத்துப் பார்த்தோம். வழவழப்பான கண்ணாடியில் அவள் விரலுக்கு எதுவும் அகப்படவில்லை, போனைத் தூக்கி எறிந்தாள். சபைப் பெண்கள் உபவாச ஜெபம் சொன்னார்கள். நானும் இருந்தேன். பசித்தது. பொம்மை செய்கிறவர்கள் இப்போது அதே மஞ்சள் பொம்மையைத் திறக்க முடியாதபடி ஒட்டி, உள்ளேயே ஒரு சார்ஜ் பேட்டரியை வைத்து மூடி விற்கிறார்கள். சார்ஜர் ஒயரை மாட்டினால் போதும், பேட்டரி வாங்கும் தொல்லை இல்லை என்கிறார்கள். ஆனால் சில மாதங்களில் அந்த உள்பேட்டரி செத்துவிடும், சிலது உப்பிக்கொண்டு பொம்மையையே பிளக்கும். மாற்ற வழியில்லை. கடையில் கேட்டால் "புதுசு வாங்கிக்கோங்க மேடம்" என்கிறான். புதுசில் பொத்தான்களின் இடமே வேறு. வாத்து இருந்த இடத்தில் ஏ ஃபார் ஆப்பிள். ஒரு பெண் தன் மொழியை முழுவதும் மறந்து புதிதாகப் படிக்க வேண்டும், பிளாஸ்டிக் கம்பெனிக்கு அச்சு மாற்றத் தோன்றிய நாளிலெல்லாம். அதனால்தானே நீ பாரிமுனை மொத்தக் கடைகள் வரை அலைந்து பழைய மாடலில் இன்னொன்றைத் தேடி வந்து வைத்தாய். ஸ்க்ரூ போட்டு மூடுகிற மாடல். அந்த ஸ்க்ரூவைக் கழற்றத்தான் உன் சாவிக்கொத்தில் சுண்டுவிரல் அளவு ஸ்க்ரூ டிரைவர் தொங்குகிறது. உன் நண்பர்கள் கேட்டால் பைக்குக்காக என்று சொல்வாய்.

இந்தப் பேட்டரியில் ஒரு கெட்ட குணம் உண்டு. எல்லாருக்கும் தெரிந்துகொள்ளப் பயன்படட்டும் என்று சொல்கிறேன். சாதாரணக் கட்டை சாவதற்கு முன் நமக்குச் சொல்லிவிடும், குரல் இழுக்கும், நாம் அடுத்ததைத் தேடலாம். இது சொல்லாது. கடைசிவரை தெளிவாகப் பேசிக்கொண்டே இருந்து, பாதிக் கூவலில் நின்றுவிடும். அதனால் வெளியே போகும்போது மாற்று ஜோடி சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்பது உன் இன்னொரு சட்டம். தாம்பரம் பிளாட்பாரத்தில் ஒருதடவை அப்படி நின்றபோது, கூட்டம் இடித்துக்கொண்டு போக, நீ தரையில் மண்டியிட்டு மாற்றிக் கொடுத்தாய். ஒருவர் "என்னப்பா, இந்தக் கூட்டத்துல பொம்மையா?" என்றார். "பொம்மை இல்ல சார், பேசிட்டு இருந்தா" என்றாய். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். என் பிள்ளையை நான் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று அன்று நினைத்தேன்.

இப்போது நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். நம் சபைக் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஹால். நீ கோட்டு சூட்டில் உள்ளே நடந்து வந்தாய். ஜெனி முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்தாள். உன்னைப் பார்த்ததும் ரயில் கூவியது. மறுபடி கூவியது. அண்ணன் வந்துவிட்டான், அண்ணன் வந்துவிட்டான் என்று சொல்கிறாள், வேறென்ன? பெண் வீட்டு மாமா ஒருவர் திரும்பிப் பார்த்து, "பாப்பாவுக்கு வண்டி கிளம்பிடுச்சு போல" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புகூட இல்லை, சும்மா பந்திக்குக் காத்திருக்கிறவர்களின் சிரிப்பு. உன் காது சிவந்ததைப் பார்த்தேன். நீ வந்து அவள் தோளைத் தொட்டாய். "தண்ணி குடுத்துட்டு வரேன்மா" என்று பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனாய். எனக்குப் பெருமையாக இருந்தது, அதைச் சொல்லவே இப்போது வாய் கசக்கிறது. மாப்பிள்ளைக் கோலத்திலும் தங்கைக்குத் தண்ணீர் கொடுக்கப் போகிறான் பார் என்று உன் அப்பாவை இடித்துக் காட்டினேன்.

நீ திரும்பி வந்து மேடையில் நின்றாய். போதகர் ஜெபம் செய்தார். பிரிசில்லா விரலில் நீ மோதிரம் போட்டபோது ஜெனி ரயிலை அமுக்கினாள். சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். காதில் வைத்துப் பார்த்தாள், குலுக்கினாள், பசுவை அமுக்கி என்னைப் பார்த்தாள். பிறகு எல்லாப் பொத்தானையும் அமுக்கிக்கொண்டே உன்னைப் பார்த்தாள். நீ போட்டோக்காரரைப் பார்த்தாய். நான் மேடை ஓரம் வந்து, "பேட்டரி நின்னுடுச்சுடா, மாத்து ஜோடி எங்க?" என்று கேட்டேன். "வீட்ல இருக்கும்மா. இப்ப விடேன், எல்லாரும் பாக்கறாங்க" என்றாய். அவள் தன் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தாள். நான் அவளை வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். பந்தி முடியும்வரை அங்கேதான் இருந்தோம். பொம்மையைத் திருப்பிப் பார்த்தேன். மூடி ஒழுங்காக இருந்தது, ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தது. வழக்கம்போல சொல்லாமல் நின்றுவிட்டது என்று பேட்டரியைத்தான் திட்டினேன்.

இன்று கோட்டுப் பையில் கை விடும்வரை அதைத்தான் நம்பினேன். பொட்டில்லாத ஜோடி அன்று வீட்டில் சார்ஜரில் இருந்தது, பொம்மைக்குள் இருந்தது இந்தப் பொட்டு ஜோடிதான். வேறு யாராவது செய்திருந்தால் பொம்மையைப் பிடுங்கியிருப்பார்கள், ஒளித்திருப்பார்கள். நீ சாவிக்கொத்தை எடுத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, பேட்டரியை உருவி, மறுபடி ஸ்க்ரூவை முறுக்கி, பேசாத பொம்மையைப் பத்திரமாக அவள் கையிலேயே கொடுத்திருக்கிறாய். தண்ணீரும் கொடுத்தாயா? அவள் உன்னைத் தடுத்திருக்கவே மாட்டாள். நீ அந்த மூடியைத் திறந்தால் புதுத் தெம்பு வரும் என்றுதான் இத்தனை வருடம் அவளுக்குத் தெரியும். கையை நீட்டிக்கொண்டு காத்திருந்திருப்பாள். அந்த ஒழுங்குதான் எனக்குத் தாங்கவில்லை. பதற்றத்தில் செய்திருந்தால் ஸ்க்ரூவாவது கீழே விழுந்திருக்கும்.

உன் அப்பாவிடம் காட்டினேன். வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தெரியாம பாக்கெட்ல போட்டிருப்பான்" என்றார்.

"ஸ்க்ரூவைக் கழட்டி, எடுத்து, திரும்ப ஸ்க்ரூ போட்டு. தெரியாமயா?"

துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார். பிறகு, "கல்யாணம் முடியட்டும்டி, இப்ப எதுவும் கேக்காத" என்றார். கல்யாணம் முடிந்த பிறகு கேட்டு என்ன செய்ய?

ஏனென்றால் நீ அனுப்பிய செய்தி என் போனில் இருக்கிறது. "கல்யாணத்தன்னைக்கு ஜெனியை ஓனர் ஆன்ட்டிகிட்ட விட்டுட்டு வரலாமாம்மா? கூட்டம், ஸ்பீக்கர் சத்தம், அவளுக்குக் கஷ்டம். போட்டோ வேணா வீட்டுக்கு வந்து எடுத்துக்கலாம்." படித்தபோது அக்கறை என்றுதான் நினைத்தேன். கீழே போய்க் கேட்கவும் செய்தேன். ஓனர் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"இன்னா டீச்சரம்மா பேசற? அண்ணங்காரன் கல்யாணத்துக்கு தங்கச்சி போவாம, பத்திரிகை வாங்கின நான் வூட்ல குந்திகினு அத்த பாத்துக்கணுமா? எனக்கு புடவையே எடுத்து வெச்சாச்சு. போ, வேலையப் பாரு."

இப்போது அந்தச் செய்தியையும் இந்தப் பேட்டரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஹாலில் ஒரு மணி நேரம் அவள் வாயை மூடினாய். அடுத்தது முழு நாள். அதற்கடுத்தது கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் குடியிருக்கப்போகும் கேளம்பாக்கம் வீட்டுக்கு அவள் எப்போதாவது வந்தால் போதும் என்பது. யாரும் உன்னைக் குற்றம் சொல்ல முடியாது, ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூ இறுக்கமாகவே இருக்கும்.

பெண் வீட்டாரின் வற்புறுத்தல் என்று நீ சொல்லக்கூடும். அதையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு போன் செய்த பிறகு பிரிசில்லா தானாகவே என்னைக் கூப்பிட்டாள், பிளவுஸ் அளவு கேட்க. பேசி முடித்து வைக்கப்போகும்போது கேட்டாள். "ஆன்ட்டி, ஜெனி அன்னைக்கு ஏன் ஒண்ணுமே பேசல? எனக்கு ரயில் கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. மொதல்ல ரெண்டு தடவை கேட்டேன், அப்புறம் காணோம். என்னைப் பிடிக்கலையோ?" அவள் மறுபடி, "எனக்கு எந்த பட்டன் ஆன்ட்டி? சேவல் சும்மாதான் இருக்குன்னு அவர் சொன்னாரே" என்றாள். நீதான் அவளிடம் பொத்தான்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். பெருமையாகவே சொல்லியிருப்பாய், இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பேசும்போது. ஒரு ஹால் நிறைய ஆட்கள் வந்ததும் அந்தப் பெருமை எங்கே போனது? உன்னை யாரும் மிரட்டவில்லை. ஒரு மாமா பந்திக்கு முன் ஒரு ஜோக் அடித்தார், அவ்வளவுதான். அதற்கே உன் தங்கையின் குரலை உருவிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாய். நாளைக்கு அதே ஜோக்கை உன் மனைவியின் நிறத்தைப் பற்றியோ, பிறக்கப்போகும் உன் பிள்ளையைப் பற்றியோ அடிப்பார்கள். கல்யாண வீடுகளில் அதற்கென்றே ஒரு மாமா இருப்பார். அப்போது யாரை அறைக்குள் கூட்டிப் போவாய்?

நானும் அன்று சும்மாதான் இருந்தேன். அவர் ஜோக்குக்கு லேசாகச் சிரித்தும் வைத்தேன், சம்பந்தி ஆயிற்றே என்று. அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் நீ அவளைக் கூட்டிப் போனாயோ என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். இருக்கலாம். அதற்காக உன்னை விட்டுவிட முடியாது.

உனக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. நிச்சயதார்த்தம் முடிந்து கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு நீ அப்படியே கேளம்பாக்கம் அறைக்குப் போய்விட்டாய். அன்று வீட்டுக்கு வந்ததும், சார்ஜரில் இருந்த பொட்டில்லாத ஜோடியை எடுத்துக்கொண்டு பொம்மையை வாங்கப் போனேன். ஜெனி கொடுக்கவில்லை. மார்போடு வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அப்பா வேன் டூல் பாக்ஸிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்து காட்டினார், கெஞ்சினார். அவருடைய கையைத் தள்ளிவிட்டாள். நீ பாரிமுனையிலிருந்து வாங்கி வைத்த இன்னொரு பொம்மையை நீட்டினாலும் தொடவில்லை. தினமும் முயற்சி செய்கிறோம். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பொம்மையைத் தர மாட்டேன் என்கிறாள். தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குடத்துக்கு இழுத்துப் போகிறாள், சின்னப் பிள்ளையில் செய்த மாதிரி. மற்ற நேரம் நடையில் கதவைப் பார்த்து உட்கார்ந்து, பேட்டரி இல்லாத பொம்மையில் ரயிலை அமுக்குகிறாள். பொத்தான் உள்ளே போய் வருகிற 'டிக்' சத்தம் மட்டும் கேட்கிறது. நான் வேலை செய்கிற சத்தத்தில் அதை மறைக்கப் பார்க்கிறேன், மறையவில்லை. ஓனர் அம்மா படியில் "லொள்" என்றால் பதில் வருவதில்லை. "இன்னாடி ஆச்சு பொண்ணுக்கு, பேஜாரா கீதே" என்று அவரும் தினம் கேட்கிறார். எடுத்தவன் வந்து போட வேண்டும் என்று காத்திருக்கிறாள். அவளுக்குத் தெரியும் யார் எடுத்தது என்று. எங்கள் எல்லாரையும்விட முதலில் தெரிந்தது அவளுக்குத்தான். சொல்வதற்கு வழியில்லாமல் இருந்தாள்.

அதனால் வா. மீட்டிங் முடிந்ததும் வண்டலூர் வழியாகவோ மேடவாக்கம் வழியாகவோ எந்த பஸ் கிடைக்கிறதோ அதில் ஏறி வா. கோட்டுக்கு இன்னொரு நாள் வாடகை ஏறட்டும். சிவப்புப் பொட்டு ஜோடியைச் சார்ஜரில் போட்டேன், பச்சை விளக்கு வந்துவிட்டது. மேசை மேல் எடுத்து வைத்திருக்கிறேன். தரையில் அவளுக்கு எதிரே உட்கார், உன் சாவிக்கொத்தை எடு, அவள் பார்க்கத் திற, அவள் பார்க்கப் போடு. நான்தான் எடுத்தேன் என்று வாயால் சொல். உனக்குத்தான் வாய் இருக்கிறதே. அவள் என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. பொம்மையை உன் முகத்தில் எறியலாம். நாயை அமுக்கிக்கொண்டே இருக்கலாம், பேட்டரி தீரும்வரை. உட்கார்ந்து கேள். நடுவில் எழுந்து போகாதே.

கல்யாணத்துக்கு அவள் வருகிறாள். முன்வரிசையில், என் பக்கத்தில், பத்து விரலிலும் பாலிஷோடு. மாற்று ஜோடி என் கைப்பையில் இருக்கும். அவள் வரக் கூடாதென்றால் இரண்டு நாற்காலி காலியாக இருக்கும், வந்தவர்கள் கேட்டால் நீயே பதில் சொல்லிக்கொள். போதகர் பேசும்போது ரயில் கூவினால், "என் தங்கச்சி பேசறா" என்று மைக்கில் சொல். தாம்பரம் பிளாட்பாரத்தில் முன்பின் தெரியாத ஆளிடம் சொன்னவன்தானே நீ.

பிரிசில்லாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன் அப்பா பக்கத்தில் நின்று, "சேவல் எனக்குன்னு வருஷக்கணக்கா சொல்லி வெச்சிருக்கேன், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு" என்கிறார். விளையாட்டுக்குத்தான் சொல்கிறார், ஆனால் அவர் கண் நடையில்தான் இருக்கிறது. சேவல் யாருக்கு என்று நானோ அப்பாவோ நீயோ சொல்ல முடியாது. அவள்தான் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அவளுக்கு அந்த இரண்டு பேட்டரியும் வேண்டும்.